அச்சாகும் வரை காத்திருக்காதே

அன்புத் தோழிக்கு,

நான் நலம், நீயும் வீட்டாரும் நலமென நம்புகிறேன். உன் கடிதம் வந்து நெடுநாள் ஆகிவிட்டது. கணக்கீட்டு உயிரியல் மாநாட்டிலிருந்து திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன், ஏனெனில் அங்கே கேட்டவற்றில் பாதி உன் ஆய்வையே நினைவூட்டிக்கொண்டிருந்தது. எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு இணையும் என்று கணிக்கும் உன் கணினி மாதிரியை, ஆய்விதழில் அச்சாகும் வரை யாருக்கும் காட்டப்போவதில்லை என்று எழுதியிருந்தாய்.

ஆய்வுகளைச் சுவரொட்டியாக ஒட்டி விளக்கும் போஸ்டர் அரங்கில் ஓர் இளம் ஆய்வாளர், ஏறக்குறைய உன்னுடையதைப் போன்ற ஒரு மாதிரியோடு நின்றிருந்தார். துல்லியம் வியக்கத்தக்கதாக இருந்தது. அங்கே வந்த மூத்தவர் ஒருவர், மாதிரி கற்றுக்கொள்ளும் பயிற்சித் தரவையும் அதன் திறனை அளக்கும் சோதனைத் தரவையும் எப்படிப் பிரித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். தற்போக்காக, அதாவது குலுக்கல் முறையில், பிரித்ததாகப் பதில் வந்தது. உடனே அவர் 2012இல் பார்க், மார்கோட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய பாகுபாட்டை ஒரு தாளில் வரைந்து விளக்கினார். சோதனை இணையின் இரு புரதங்களும் பயிற்சியில் இருந்தவை என்பது முதல் வகை. ஒன்று மட்டும் இருந்தது இரண்டாம் வகை. இரண்டுமே புதியவை என்பது மூன்றாம் வகை. தற்போக்காகப் பிரிக்கும்போது பெரும்பாலும் முதல் வகையே சோதனையில் சேர்கிறது. அப்போது மாதிரி இணைவின் காரணத்தைக் கற்காமல், பலவற்றோடு இணையும் புரதங்கள் எவை என்பதை மனப்பாடம் செய்துகொண்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும். அமினோ அமில வரிசையில் ஒற்றுமையுள்ள உறவுப் புரதங்கள் இருபுறமும் சிதறிக் கிடந்தாலும், சோதனையின் விடை பயிற்சிக்குள் இதேபோலக் கசிந்துவிடும்; ஆகவே குடும்பம் குடும்பமாகத் தொகுத்து, ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே பக்கம் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் போஸ்டரின் ஓரத்தில் புதிய வரைபடம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. துல்லியம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் முந்தைய நாளைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது, கேள்விகளும் கூர்மையாக இருந்தன. அச்சான பிறகு இதே கேள்வி வந்திருந்தால், திருத்த அறிவிப்பு எழுதுவதிலும், அதை நம்பி ஆய்வகத்தில் பரிசோதனை தொடங்கியவர்களுக்கு விளக்கம் சொல்வதிலும் எத்தனை காலம் வீணாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்.

நம் துறை வளர்ந்ததே இப்படிப் பிறர் முன் காட்டிச் சோதித்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசோதனையில் கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத முப்பரிமாணப் புரத அமைப்புகளின் அமினோ அமில வரிசைகளை மட்டும் கொடுத்து, எல்லாக் குழுக்களின் கணிப்புகளையும் பொதுவில் ஒப்பிடும் காஸ்ப் போட்டி 1994 முதல் நடந்து வருகிறது. 2020இல் அதன் பதினான்காம் சுற்றில் புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற கணினி மாதிரி பெற்ற வெற்றியை எவராலும் எளிதில் மறுக்க முடியாமல் போனதற்கு, விடை தெரியாத நிலையில் நடந்த அந்தத் தேர்வே காரணம். அந்த மாதிரி கற்றுக்கொண்ட பாடங்களும், 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் முகமறியாத பல்லாயிரம் பேர் பகிர்ந்து வைத்தவைதாம்.

உன் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சிறிய குழுவின் எண்ணத்தைப் பெரிய கணினி வசதியுள்ள குழு வேகமாகச் செய்து முடித்துவிடக்கூடும் என்பது உண்மையே, அந்த வலியை நம் வட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். அதனால்தான் முதலில் கட்டுரையின் முன்பதிப்பை, அதாவது இதழில் வருவதற்கு முன் எல்லோரும் படிக்கத் தரும் வடிவத்தை, வெளியிடச் சொல்கிறேன். 2013 முதல் இயங்கும் பயோஆர்க்கைவ் தளத்தில் பதிவாகும் தேதி, யார் முதலில் சொன்னார்கள் என்பதற்குச் சான்றாக நிற்கும். இதழ் அதை ஏற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள். பிறகு மாநாட்டில் போஸ்டராக வைத்து, முறையையும் சோதனை முடிவுகளையும் முழுமையாகக் காட்டு; ஆய்வகத்தில் இன்னும் உறுதிசெய்யாத புதிய இணைகளின் பட்டியலை மட்டும் நிறுத்தி வை. படம் எடுக்க வேண்டாம் என்று போஸ்டரிலேயே எழுதிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

போஸ்டருக்கான ஆய்வுச் சுருக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, ஒரு வரி விடாமல் படித்துக் குறிப்பெழுதி அனுப்புகிறேன். அதற்கு முன்பாக, மூன்றாம் வகை இணைகளில் உன் மாதிரி எவ்வளவு தேறுகிறது என்பதைக் கணக்கிட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் தோழி