டீலோஸின் கரையோரக் கிடங்குகளை முதலில் கவனியுங்கள்

கிரேக்கக் கலாசார அமைச்சகத்தில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பக்கத்துத் தீவான மைக்கோனோஸிலிருந்து படகேறி டீலோஸ் தீவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போவது சிங்கங்களிடம்தான். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் நக்சோஸ் தீவுக்காரர்கள் வைத்த அந்தப் பளிங்குச் சிங்கங்களை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்விட்டு, வெளியே நகல்களை நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் கடைகளையும் கிடங்குகளையும் அப்படிப் பெயர்த்து உள்ளே வைக்க முடியாதே, அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

கிரேக்கக் கடவுள் அப்போலோ பிறந்த புனிதத் தீவு என்றுதான் டீலோஸை எல்லோருக்கும் தெரியும். கி.மு. 166 வாக்கில் ரோம் இதைச் சுங்கமில்லாத துறைமுகமாக்கிய பிறகு, குடிதண்ணீரே அரிதான இந்தச் சின்னக் கல்தீவில் ஒரு பெரிய வணிக ஊரே எழுந்தது. பெய்ரூட் வணிகர்களுக்குத் தனிச் சங்கக் கட்டடம், இத்தாலியர்களுக்கு ஒரு சதுக்கம், எகிப்தியக் கடவுள்களுக்குக் கோயில்கள், தென் அரேபியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் தெய்வத்துக்கு வைத்த பலிபீடம், எல்லாம் இங்கே இருக்கின்றன. அடிமைகளும் இங்கேதான் விற்கப்பட்டார்கள். ஒரே நாளில் பத்தாயிரம் பேரை இறக்கி அனுப்ப முடியும் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார், படிக்கவே மனம் கனக்கிறது. கி.மு. 88இல் ரோமோடு போரிட்ட அரசர் மித்ரிதாத்தஸின் படை, 69இல் கடற்கொள்ளையர் என்று அடுத்தடுத்துச் சூறையாடியதில் ஊர் மெல்லக் காலியானது. அப்புறம் அதன்மேல் பெரிய நகரம் எதுவும் எழவில்லை. அதனால்தான் தெருவும் வடிகாலும் வீட்டுத் தொட்டியும் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

இப்போது கடல் ஏறி வருகிறது. பழைய துறைமுகத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நீருக்கடியில். சரக்கு இறக்கிய கிடங்குகள் கரையோரத்தில்தானே இருக்கும், அடி முதலில் விழுவதும் அவற்றின்மேல்தான். சுவரின் அடியில் உப்புநீர் ஊறுகிறது, நீர் காய்ந்ததும் உப்பு உள்ளேயே தங்கிக் கல்லை உதிர்க்கிறது. 1873 முதல் அங்கே அகழாய்வு செய்துவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரே வெளிப்படையாக எச்சரித்துவிட்டார்கள். மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்து எத்தனை குளிர்காலத்தைத் தள்ள முடியும்?

கரை முழுக்கக் கான்கிரீட் சுவர் எழுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அது துறைமுக ஊரைக் கடலிடமிருந்தே பிரித்துவிடும். கரையோரக் கிடங்குகளைக் கல் கல்லாக அளந்து, படமெடுத்து, முப்பரிமாணத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே இன்னும் தோண்டாமல் கிடக்கும் இடங்களை மேட்டுப் பகுதிகளுக்கு முன்பாகத் தோண்ட அனுமதியும் பணமும் கொடுங்கள். மைக்கோனோஸ் சுற்றுலாவில் புரளும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கலாம். இரவு தங்க அனுமதியில்லாத தீவு, பயணிகளுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். அதில் கொஞ்ச நேரமாவது அவர்களைக் கரைப்பக்கம் நடக்க வையுங்கள், அங்கே என்ன இருந்தது, இப்போது என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று பலகை வைத்துச் சொல்லுங்கள். 1990இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது சிங்கங்கள் மட்டுமல்ல, இந்தக் கிடங்குகளும் சேர்ந்த தீவு முழுவதும்தான்.

அன்புடன்,
டீலோஸை நேசிக்கும் ஒரு வாசகர்