ஈப்போவில் அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்கு மறுநாள் உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தீர்கள். “முழுசாப் படிச்சிட்டு அபிப்பிராயம் சொல்லு தம்பி, பாதியில சொல்லாதே” என்றீர்கள். நான் பாதிவரைகூடப் பொறுக்கவில்லை. பட்டர்வொர்த்தில் ஏறிய ரயில் ஈப்போவில் நின்றபோது, அறுபது பக்கம்கூடத் தாண்டாத நிலையில், “இது நாவல் இல்லை ஐயா, தெருப்பெயர் அகராதி” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை. அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் கூடியபோது அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும் என்பதால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாக வந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலை நான் முன்பே படித்திருந்தேன். பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி மகள் மரகதம், நடுவில் போர், நிறைவேறாத காதல் என்று ஒரே நேர்கோட்டில் போகும் கதை அது. அதே எழுத்தாளரின் இரண்டாவது நாவல் என்றதும் அதே ஊரையும் அதே சோகத்தையும் எதிர்பார்த்தேன். தவிர, பினாங்கில் பிறந்தவனுக்குப் போர்க்காலம் என்றாலே 1941 டிசம்பர்தான். 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். ஆளில்லாத கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயர் கொடியைப் பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து இறக்கினார். ஐந்தாம் வகுப்பில் நீங்கள் கதைபோலச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சிங்காரம் இதை எப்படி எழுதியிருப்பார் என்று ஆவலோடு புத்தகத்தைத் திறந்தால், நாவல் தொடங்குவது கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் மெடானில், 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ஊருக்குள் நுழையும் நேரத்தில். டச்சுப் பெயருள்ள தெருக்கள், சீனக் கடைகள், மலாய்ப் பேச்சு, யார் என்று விளக்கப்படாமலே வந்து போகிற மனிதர்கள். எதையும் நின்று சொல்ல ஆசிரியருக்கு நேரமில்லை. கூட்டத்தில் கையைப் பிடித்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு நடுவழியில் விட்டுவிட்டவரிடம் வரும் கோபம்தான் எனக்கு அவரிடம் வந்தது.

அந்தக் கோபத்தில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருந்தது. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், இந்த நாவலுக்குப் பின்னால் சொற்பொருள் பட்டியல் இருந்தால்தான் படிக்க முடியும் என்று ஒருமுறை அலுத்துக்கொண்டார். மலாய்ச் சொற்களுக்காகச் சொன்னார். முதலாளியைக் குறிக்கும் தவுக்கேயும் சரக்குப் படகைக் குறிக்கும் தொங்கானும் நமக்கு அன்றாடச் சொற்கள் என்பதால் நான் உள்ளூர நகைத்துக்கொண்டேன். ஆனால் எந்தச் சொற்களில் நான் தடுக்கி விழுந்தேன் என்று பின்னால் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் பாதி தமிழ்ச் சொற்களாக இருந்தன. மார்க்கா, கிட்டங்கி, அடுத்தாள், பெட்டியடிப் பையன். தெரியாத சொற்கள் எல்லாம் அந்நியச் சொற்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, இவற்றையும் டச்சுத் தெருப் பெயர்களோடு சேர்த்தே தாண்டிப் போயிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் தேவகோட்டையிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். மதிய உணவின்போது அவரிடம் கேட்டேன். அவர் கேண்டீன் மேசையில் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு விரலால் கோடு போட்டுக் காட்டினார். கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். தரையில் வரிசையாக ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், சில அடி இடம். அந்த இடத்தில் சாய்வான மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. மூடிமேல் வைத்துப் பேரேடு எழுதுவார்கள், உள்ளே பத்திரமும் பணமும் இருக்கும். பகலில் அதன் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள், இரவில் அங்கேயே பாயை விரித்துப் படுப்பார்கள். மேலாள் ஊரிலிருந்து மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார். அவருக்கு அடுத்தபடி அடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஓடியாடி வேலை செய்யப் பெட்டியடிப் பையன். “எங்க ஐயாவோட அப்பா பெட்டியடிப் பையனாத்தான் பினாங்குக்குக் கப்பலேறினார்” என்றார். நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் உங்களோடு பினாங்கு தெருவில் கோயில் வீட்டுக்கு எதிரே நின்று வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்த்தேனே, அந்தத் தெருவில்தான் இந்தப் பெட்டிகள் இருந்தன என்பது என் நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றிரவு முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன். இம்முறை மெடான் வேறாகத் தெரிந்தது. சிங்காரம் தம் பதினெட்டாவது வயதில், 1938இல், சிங்கம்புணரியிலிருந்து மெடானுக்குக் கடைவேலைக்குப் போனவர். தெருப்பெயர்களை அவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரைப்போல அடுக்கவில்லை. வசூலுக்குப் போகிற கடைப்பையனுக்கு எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு என்பது பிழைப்பு, அவ்வளவுதான். படை நுழைகிறது, கொள்ளை நடக்கிறது, தண்டனையும் கொடூரமாக நடக்கிறது. அத்தனைக்கும் நடுவில் வியாபாரிகள் சரக்கு விலையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல்முறை இதை மனிதநேயமற்ற எழுத்து என்று எண்ணினேன். என் பாட்டி ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு ஒன்றைச் சாகும்வரை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வாழைமரம் அச்சிட்ட நோட்டு, போர் முடிந்த அன்றே வெறும் காகிதமாகிப்போனது. அதைப் பற்றிக் கேட்டால் பட்டினியையோ பயத்தையோ பற்றி அவர் பேசியதே இல்லை. “அப்ப இதுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா?” என்று விலைகளைத்தான் அடுக்குவார். சிங்காரத்தின் ஆட்கள் பேசுவது என் பாட்டியின் பேச்சு என்று எனக்கு ஏன் அறுபது பக்கம்வரை தோன்றவில்லை என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

புயல் அத்தியாயத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்த நாவலைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கதாநாயகன் பாண்டியன் தொங்கானில் பினாங்குக்கு வரும் அந்தப் பக்கங்களைச் சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தபோது, வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்து, பட்டர்வொர்த் படகில் உட்கார்ந்து படித்தேன். வெளியே கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் இருந்தது, குளிர்சாதனம் ஓடியது, பக்கத்தில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வாக்கியங்கள் வினைச்சொல் வினைச்சொல்லாக உடைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து, எழுந்து மறுபடி விழுகின்றன. ஓர் இடத்தில் நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததை அந்தக் குழந்தைதான் தன் தாய்க்குக் காட்டிச் சிரித்தது. படகு வெல்ட் கீயில் ஒட்டியதும் உங்களைத் தொலைபேசியில் அழைக்க நினைத்தேன். “பாதியில சொல்லாதே” என்றது நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

விட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் அடுத்த வாரமே என் அபிப்பிராயம் மறுபடி சரிந்தது. பாண்டியன் பினாங்கு வந்து சேர்ந்ததும் நாவல் நின்றுவிடுகிறது. மாணிக்கம் முதலிய நண்பர்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழரின் பழம்பெருமை, மூவேந்தர், சங்க இலக்கியம், காப்பியங்கள் எல்லாம் வருகின்றன. பேச்சுத் தமிழ் போய்ச் செய்யுள் நடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. புயலை எழுதிய கை இதையும் எழுதுமா, மேடைப்பேச்சைக் கொண்டுவந்து நாவலுக்குள் கொட்டிவிட்டாரே என்று சலித்துக்கொண்டு, என் மனைவிக்கு ஒரு பக்கத்தைக் குறை சொல்வதற்காகவே உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், நாலாவது வரியில் சிரிக்கத் தொடங்கி, பக்கம் முடிவதற்குள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “இவ்வளவு கிண்டலா எழுதியிருக்காரு, நீங்க ஏன் பட்டிமன்றத்துல வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

ஐயா, எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று நாளாக நான் பெருமிதம் என்று படித்துச் சலித்தது முழுக்க நையாண்டி. வீரவசனங்களின் நடையை அப்படியே எடுத்து, அதை வட்டிக்கணக்கும் கப்பல் சீட்டும் கையில் வைத்திருக்கிற, நாளை யார் ஆட்சி என்று தெரியாத ஊரில் இருக்கிற இளைஞர்களின் வாயில் வைத்திருக்கிறார். அவர்களுக்கு அந்தச் செய்யுள்கள் உண்மையாகவே பிடிக்கும். அதனால்தான் அவற்றை வைத்து அவர்களால் விளையாட முடிகிறது. பாண்டியன் ஊர்ச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைத்து ஏங்கும் பக்கங்களுக்கு அருகிலேயே இந்தக் கேலி இருப்பதால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 1962 வாக்கில் எழுதி முடித்த நாவல் 1972இல்தான் அச்சேறியது என்பதைப் படித்தபோது, மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த அந்தப் பத்தாண்டுகளில், மதுரையில் நாளிதழ் அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டு, இந்தப் பக்கங்களைப் பெட்டியில் வைத்திருந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவருடைய சிரிப்பு எனக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம் அவர் மெதுவாகச் சிரித்தது அல்ல. என் காது அப்படிப் பழக்கப்பட்டிருந்தது. பழக்கியவர் யார் என்பதற்குக் கீழே வருகிறேன்.

அதற்குமுன், திரும்பப் பெறாத இரண்டு குறைகளையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது மன்னிப்புக் கடிதமாகிவிடும். இந்திய தேசிய இராணுவம் வரும் பகுதியில் பாண்டியனுக்கு எடுத்த காரியமெல்லாம் கைகூடுகிறது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியபின், தோட்டக்காட்டிலிருந்து ரப்பர்ப் பால்வாளியை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். நம் ஊர்க் கிழவர்கள் சொல்லிக் கேட்ட பயிற்சி முகாமில் பசியும் மலேரியாவும் காத்திருப்பும்தான் அதிகம். பாண்டியனோ திரைப்பட நாயகன்போலத் திட்டமிட்டு, நுழைந்து, முடித்துவிட்டு வருகிறான். அந்தப் பக்கங்களை விறுவிறுப்பாகப் படித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் மெடானில் சரக்கு விலை பேசியவர்களை எழுதிய அதே கண் அங்கே சற்று மூடிக்கொண்டது என்றே இப்போதும் எண்ணுகிறேன். இரண்டாவது, பெண்கள். பாண்டியனின் வாழ்வில் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள். அவன் அவர்களைப் பற்றி நினைக்கிறான், ஏங்குகிறான். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. முதல் நாவலின் மரகதத்துக்குக் கிடைத்த இடம்கூட இதில் எவருக்கும் இல்லை. ‘அந்தக் காலத்து வட்டிக்கடை வாழ்க்கையே ஆண்களால் ஆனது’ என்று நீங்கள் சொல்வீர்கள். அது கிட்டங்கிக்குப் பொருந்தும், நாவலுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. முடிவைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை, இனிமேல் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த இரவு விளக்கை அணைக்க மறந்துவிட்டேன் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்போது காதைப் பழக்கியவர் விஷயம். ஆறாம் வகுப்பில் மாநில அளவிலான பேச்சுப் போட்டிக்கு நீங்கள் எனக்கு எழுதிக்கொடுத்த உரை இன்னும் எனக்கு மனப்பாடம். கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தில் தொடங்கி, கடாரம் கொண்ட சோழனின் கப்பலில் ஏறி, பினாங்கு வரை ஒரே மூச்சில் வந்து சேரும். எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தீர்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. உங்கள் புத்தகத்தைத் திருப்பித் தருவதற்காக ஏடுகளைப் புரட்டி, நான் வைத்த பேருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, பினாங்கு நண்பர்களின் அந்த நையாண்டிப் பக்கத்தின் ஓரத்தில் அதே பென்சில் கையெழுத்தைக் கண்டேன். மங்கிப்போயிருந்ததால் முதல்முறை என் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு சொல்: “நாம்தான்.”

முதல் ஏட்டில் நீங்கள் புத்தகம் வாங்கிய ஆண்டு 1974 என்று மையால் எழுதியிருக்கிறது. பென்சில் குறிப்புக்கு ஆண்டு இல்லை. வரும் சனிக்கிழமை மதியம் புத்தகத்தோடு வருகிறேன். அந்தச் சொல்லை நீங்கள் எழுதியது, எனக்கு அந்த உரையை எழுதிக்கொடுப்பதற்கு முன்பா, பின்பா?

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்,
கோலாலம்பூர்