ஹோட்டல் பாடகி என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியாமல் போய்விட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரில் வரன் தேடும் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். சின்னவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, பெட்டி படுக்கையோடு போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "உஷா உதுப்புக்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம், பாடுவதில் பாதி மற்றவர்கள் பாட்டு, ஹோட்டல் பாடகிதானே" என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் உனக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

ஹோட்டல் பாடகிதான். அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. 1969இல் நம் மவுண்ட் ரோடில், சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்கிற நைட் கிளப்பில்தான் அவர் பாட ஆரம்பித்தார். இன்று அந்த தியேட்டரே இல்லை. அந்தக் காலத்தில் கிளப் பாடகி என்றால் நம் சினிமாக்கள் என்ன காட்டின என்று யோசித்துப் பார். ஜிகினா கவுன், கையில் சிகரெட், பக்கத்தில் வில்லன். அந்த இடத்தில் பம்பாயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் வீட்டுப் பெண், போலீஸ் அதிகாரியின் மகள், காஞ்சிபுரம் புடவை கட்டி, பொட்டு வைத்து, மைக்கைப் பிடித்து இங்கிலீஷ் பாட்டுப் பாடினால் எப்படி இருந்திருக்கும்! வேஷம் போடவில்லை அவர், வீட்டில் எப்படி இருந்தாரோ அப்படியே மேடை ஏறினார். புடவையில் ஒருத்தி பாடுகிறாள் என்றால் மனைவியை, அம்மாவைக்கூட அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியிருக்கும் இல்லையா? அதே வருஷம் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸ் என்கிற ரெஸ்டாரண்டில் பாடப் போனார். அந்த ஊர் அவரை விடவே இல்லை, அவரும் அந்த ஊரை விடவில்லை. நெற்றியில் இருக்கும் பெரிய பொட்டில் வங்காள எழுத்து 'க' இருக்கும், கவனித்திருக்கிறாயா? காலில் காஞ்சிபுரம் பட்டுத் துணி ஒட்டிய கேன்வாஸ் ஷூ. நான் அந்த ஷூவைப் பார்ப்பதற்கென்றே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்.

அப்புறம் அந்தக் குரல். பள்ளிக்கூடத்தில் உன் குரல் பாட்டுக்குச் சரிப்படாது என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்களாம், அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த டீச்சரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பெண் குரல் என்றால் லதா, ஆஷா, இங்கே சுசீலா. எல்லாமே மேலே பறக்கிற குரல்கள். இவருடையது அடித்தொண்டையிலிருந்து, நெஞ்சிலிருந்து வருகிறது. ஆம்பளைக் குரல் என்று நம் மாமிகள் சொல்வார்களே, அது. கதாநாயகிக்கு அந்தக் குரலை யாரும் வைக்கமாட்டார்கள், அதனால் சினிமாவில் அவருக்குக் கிடைத்தது டிஸ்கோ, காபரே, டைட்டில் பாட்டு. 1971இல் தேவ் ஆனந்த் படத்தில் ஆஷா போன்ஸ்லேயோடு இங்கிலீஷ் வரிகளைப் பாடினார். பிறகு வந்த 'ரம்பா ஹோ'வைத் தெரியாதவர் வடக்கே கிடையாது. ஆனால் இதைப் பார்: உச்ச ஸ்தாயியில் பாடிப் பேர் வாங்கியவர்களுக்கு வயதாக ஆக முதலில் கைவிடுவது அந்த உச்சம்தான், சுருதியை இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், கேட்கிற நமக்கே பாவமாக இருக்கும். உஷா நின்றதே கீழே, தரையில். இழப்பதற்கு மேலே ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்றும் அவர் வாயைத் திறந்தால் அது அவர்தான் என்று ஒரு நொடியில் தெரிகிறது. 2011இல் வந்த '7 கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்காக ரேகா பரத்வாஜோடு சேர்ந்து ஃபிலிம்ஃபேர் வாங்கியபோது அவருக்கு 64 வயது! நானும் நீயும் அந்த வயதில் மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம்.

நமக்கு அவர் வந்து சேர்ந்தது 'அஞ்சலி' மூலமாக. ஹாஸ்டலில் அந்த கேசட்டின் டேப் சிக்கி, நீ பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்தாய். 'வேகம் வேகம்' என்று அந்தக் கனத்த குரல் வந்ததும் மெஸ் அக்கா வரைக்கும் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். குழந்தைகள் படத்துக்கு, கூட்டமாகக் குழந்தைக் குரல்கள் வரும் ஆல்பத்துக்கு, இளையராஜா ஏன் இந்தக் குரலைக் கூப்பிட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். குழந்தைகளோடு சேர்ந்து அமர்க்களம் பண்ணும் ஒரு பெரிய அத்தையின் குரல் அது. வேறு யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. அதற்கும் முன்னால், 1975இல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில், குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் இங்கிலீஷ் பாட்டுப் பாடியிருக்கிறார். திருவிளையாடல் எடுத்தவரும் வயலின் வித்வானும் உஷா உதுப்பும் ஒரே படத்தில்!

மற்றவர்கள் பாட்டு என்கிறாயே, அதில்தான் எனக்கும் உனக்கும் வித்தியாசம். அவருடைய ரசிகர்கள் ரெக்கார்டுக்கு ரசிகர்கள் இல்லை, முன்னால் நின்று கேட்டவர்கள். எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். நைரோபிக்குப் போய் ஸ்வாஹிலியில் பாடினார். கணவர் வீடு மலையாளம், உடனே 'என்டே கேரளம்' பாடினார், இன்றும் மலையாளிகள் அதைக் கேட்டால் உருகிவிடுகிறார்கள். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகள். ஒவ்வொன்றிலும் உச்சரிப்பு சுத்தம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் உன் மொழியில் உன்னைப் பார்த்து ஒருவர் பாடினால் நீ இலக்கணமா பார்ப்பாய்?

அந்த வங்காளத்திலேயே 1980களில் இடதுசாரி அரசின் அமைச்சர் ஒருவர் இவர் பாடுவது கலாச்சாரச் சீரழிவு என்று சொல்லி, அரசு அரங்குகளில் பாட விடாமல் தடுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். ஊரை விட்டுப் போயிருக்கலாம், பம்பாயில் வேலை இருந்தது. போகவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கூடவே நின்ற ரசிகர்களை எந்தப் புதுப் பாட்டு வந்து பிரித்துவிடும், சொல்லு?

நான் அனுப்பிய வீடியோவில் அவர் பாடுவது அமெரிக்கப் பாடகி மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்'. 2023இல் வந்த பாட்டு, காதல் முறிந்த ஒரு பெண் எனக்கு நானே பூ வாங்கிக்கொள்வேன் என்று பாடுவது. பழைய பாடகர்கள் மேடை ஏறினால் பழைய ஹிட்டைத்தான் கேட்போம், அவர்களும் அதையே பாடிக் கைதட்டு வாங்கி இறங்குவார்கள். இவர் பேத்தி வயதுப் பெண்ணின் பாட்டை எடுத்துத் தன் குரலுக்கு இறக்கி, வளையல் குலுங்கப் பாடுகிறார். என் மகளுக்கு உஷா உதுப்பின் பழைய பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க பாடினா அந்தப் பொண்ணு சோகமா இல்ல, தைரியமா இருக்கா" என்றாள். பழைய நினைப்பில் கேட்பது நான் மட்டும் என்று நினைத்திருந்தால், இதற்கு என்ன சொல்வாய்?

2024இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் கணவர் ஜானி உதுப் போய்விட்டார். ட்ரிங்காஸில் இவர் பாடிக்கொண்டிருந்த நாட்களில் சந்தித்தவர். எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் அவர் இனிமேல் பாடுவாரோ என்று பயமாக இருந்தது. பாடுகிறார். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொன்னால் புரியும், மற்றவர்களிடம் சொல்வதில்லை.

இதையெல்லாம் எழுதியது உன்னை மாற்றுவதற்காக இல்லை, நீ எஸ்.பி.பி.யைத் தவிர யாரையும் முழுசாக ஒத்துக்கொள்ளமாட்டாய். ஆனால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சமயம் கொல்கத்தா போகலாமா என்று யோசிக்கிறேன். பார்க் ஸ்ட்ரீட் முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள், ட்ரிங்காஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் அன்றைக்குப் பாடாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் உனக்கு. முழங்காலைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் கேட்டு, இந்த வாரத்துக்குள் சொல், டிக்கெட் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்