லோமில் நடந்த கலியாணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். தங்கச்சியின் வீட்டுக் கூரைக்காகத் தெற்குக் காணியை விற்கிற விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். சின்னண்ணையின் மகனின் கலியாண வீடியோவில் ஆளுக்கு ஆள் எழும்பிப் பேசுகிறார்களே, சாப்பிடவே மாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே நோர்வேயில் கலியாண விருந்தே அப்படித்தான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நடுவில் ஒருவர் எழும்பி மாப்பிள்ளை பெண்ணைப் பற்றிப் பேசுவார். சனம் கிளாஸைத் தட்டினால் இரண்டு பேரும் கதிரையில் ஏறி நின்று முத்தம் கொடுக்க வேண்டும். சின்னண்ணை தமிழிலேயே பேசினார், அவர் மகள் அதை நோர்வே மொழியில் சொன்னாள். மச்சாள் அழுதுவிட்டா.

தாலி கட்டினது ஒஸ்லோ கோயிலில் என்றபடியால், பெண் வீட்டார் தங்கள் ஊரில் ஒன்று வைக்க ஆசைப்பட்டார்கள். ரயிலில் ஒட்டா வரைக்கும் போய், அங்கிருந்து பஸ் எடுத்தால் அவர்களின் ஊர், லோம். நோர்வேயின் உயரமான மலை, 2,469 மீட்டர், அந்தப் பக்கம்தான். இந்த வெயிலிலும் உச்சியில் பனி கிடக்கிறது. தேவாலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டினது, முழுக்க மரம். உக்காமல் இருக்கத் தார் பூசுவார்களாம், வெயில் பட அந்த மணம் வாசலிலேயே வந்தது. மணப்பெண் இங்ரிட் அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய கம்பளி உடுப்புப் போட்டிருந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த வெள்ளி நகையில் சின்னச் சின்னத் தகடுகள், நடக்கும்போது கிலுகிலு என்றன. நான் என் கூறையையே உடுத்தேன். புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை, அதைவிட நல்ல சேலை ஏது? இவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் சின்னண்ணை ஆட்களோடுதான் போனேன்.

அங்கே இங்ரிட்டின் அம்மம்மா என்னை விடவே இல்லை. புளித்த பாலாடையில் மாப் போட்டுக் காய்ச்சின ஒரு கஞ்சி. மேலே உருகின வெண்ணெய், சீனி, கறுவாத்தூள். ஒரு கோப்பை முடிய மற்றது வைத்துவிடுவா. எனக்கு விளங்கும் என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே கதைத்துக்கொண்டிருந்தா, பாதி விளங்கினது.

அடுத்த நாள் காலை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. லோம் பக்கம் மழை மிகவும் குறைவு. அந்தக் காலத்தில் மலையிலிருந்து மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது வயலுக்கெல்லாம் குழாய்தான், ஆனால் அவவின் உருளைக்கிழங்குப் பாத்திக்கு இன்னும் பழைய வாய்க்கால். குனிந்து ஒரு சின்னப் பலகையைத் தூக்கினா. தண்ணீர் மண்ணை நனைத்துக்கொண்டு மெதுவாக ஓடி வந்தது. மண்வெட்டியால் இரண்டு தரம் இழுத்து அடுத்த பாத்திக்கு மாற்றினா. அம்மா, அப்பா விடியப்புறம் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிற மாதிரியே இருந்தது. அந்த ஈர மண் மணமும் அதே மணம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ ஒன்றும் கேட்கவில்லை, என் முதுகைத் தடவிவிட்டு மண்வெட்டியை என் கையில் தந்தா. எங்கள் வளவில் இப்போது யார் தண்ணீர் மாறுகிறார்கள்?

அந்தக் காணி இங்ரிட்டுக்குத்தான் வரப்போகிறது. அவள் மூத்தவள். முன்பு ஆண்பிள்ளைக்குத்தான் முதல் உரிமை, 1974இல் வந்த சட்டத்தோடு ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கு என்று ஆக்கினார்கள். வெளியாளுக்கு விற்றாலும் உரிமையுள்ள பிள்ளைகள் வழக்குப் போட்டு, விலையைக் கொடுத்துத் திருப்பி எடுக்கலாமாம். அப்படித்தான் பரம்பரைக் காணி குடும்பத்தின் கையிலேயே நிற்கிறது. சின்னண்ணையின் மகன் இனி அங்கே இருந்து கமம் செய்யப் போகிறான். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், தெற்குக் காணியை விற்க வேண்டாம். தங்கச்சியின் வீட்டுக் கூரை முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கோடையில் எனக்கு வேலை கொஞ்சம் குறைவு, அதனால் நல்ல ஓய்வு. கூரைக்கு என் பங்குக் காசு தீபாவளிக்குப் பிறகு வரும், அதற்கு முன் எதிர்பார்க்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். குஞ்சியப்பா காணி வாங்க ஆள் கூட்டிவந்தால், பங்குக்காரருக்கு முதலில் அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்க ஏலாது, எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் எனக்கும் சின்னண்ணைக்கும் பங்கு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை என்றே சொல்லலாம்.

காணியின் மூல உறுதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நொத்தாரிசு கேட்டாலும் பிரதி போதும். கொடிகாமத்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக் கல்லுகள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்குப் பக்கக் கதியால் வேலி விழுந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள், மழைக்கு முன் கிளுவை நட்டுவிடச் சொல்லுங்கள். கூரைக்கு ஓடு போடுவதா சீற் போடுவதா என்று மேசனிடம் விலை கேட்டு, இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்