இளநீருக்கு ஆயிரம் ரூபாய்: மாலத்தீவுத் தேன்நிலவுக் கட்டுரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் மாதம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த மாலத்தீவுத் தேன்நிலவுக் கட்டுரையில், ‘எல்லாம் அடங்கிய பேக்கேஜ் என்பதால், ஒருமுறை பணத்தைக் கட்டிவிட்டால் ஊர் திரும்பும்வரை பர்ஸைத் தொட வேண்டிய வேலையே இல்லை’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. என் தந்தை அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்கி வருபவர் அவர். அதில் அச்சாகிவிட்டால் மறுபேச்சு கிடையாது என்று நினைப்பவர். அந்த நம்பிக்கையில், பணி ஓய்வின்போது கிடைத்த பணத்திலிருந்து 2,85,000 ரூபாயை எடுத்து, ஆவணியில் நடந்த எங்கள் திருமணத்துக்கு அந்தப் பயணத்தையே பரிசாகக் கொடுத்தார். செப்டம்பரில் நானும் என் கணவரும் போய்வந்தோம். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட எங்கள் அனுபவத்தில் உண்மையாக இருக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பணம் கட்டும் நாளிலேயே தொடங்கிவிட்டது. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் வாங்குவோரிடம் 5 சதவீத வருமான வரியை முன்கூட்டியே வசூலிக்க வேண்டும் என்பது விதி என்று டிராவல்ஸ்காரர் சொல்லி, மேலும் 14,250 ரூபாய் வாங்கிக்கொண்டார். 2025இல் அந்த விதி உண்மைதான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதும் உண்மைதான். ஆனால் கல்யாணச் செலவுக்கு நடுவே அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டுவது என்று அப்பா இரண்டு நாள் அலைந்தார். வணிகப் பக்கத்தில் இந்த விதியை விளக்கி எழுதும் தங்கள் நாளிதழ், சுற்றுலாப் பக்கத்தில் மட்டும் அதை ஏன் மறந்தது?

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். எங்கள் துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலத்தீவுக்குப் போவதையும், அங்கிருந்து மாசிக் கருவாடு வருவதையும் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு அது அக்கம்பக்கத்து நாடு. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கட்டணம் குறைவு என்று டிராவல்ஸ்காரர் எங்களைச் சென்னை, கொழும்பு வழியாக அனுப்பினார். மாலே விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது உள்ளூர் நேரம் மாலை ஐந்தரை. ரிசார்ட் இருக்கும் தீவுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இது அந்த நாட்டில் இன்று நேற்று வந்த வழக்கமல்ல, பயணத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. பிற்பகல் மூன்றரைக்குள் இறங்காதவர்கள் அன்றிரவு தலைநகரின் பக்கத்தில்தான் தங்க வேண்டியிருக்கும் என்ற ஒரு வரி அந்தக் கட்டுரையில் இருந்திருந்தால், அப்பா டிக்கெட்டைப் பார்த்த உடனேயே கேட்டிருப்பார்.

அன்றிரவு, தலைநகரை அடுத்த ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதியில் 85 டாலருக்கு அறை எடுத்தோம். பர்ஸைத் தொட வேண்டாம் என்று படித்திருந்ததால், அவசரத்துக்கு என்று 200 டாலர் மட்டுமே மாற்றிக்கொண்டு போயிருந்தோம். வாடகை, டாக்சி, இரவுச் சாப்பாடு எல்லாமாக அதில் பாதிக்கு மேல் கரைந்தது. ரிசார்ட்டில் பதிவு செய்திருந்த நான்கு இரவுகளில் ஒன்று அதோடு போயிற்று. வராத இரவுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை ரிசார்ட் வரவேற்பறையில் நடந்ததை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தேன்நிலவுத் தம்பதிக்கு மலர் அலங்காரம், கேக், கடற்கரையில் ஓர் இரவு விருந்து என்று தங்கள் கட்டுரையிலும் இருந்தது, எங்கள் வவுச்சரிலும் இருந்தது. அவற்றைப் பெறத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. நம் மாநிலத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமணத்தைப் பதிவு செய்ய 90 நாள் அவகாசம் இருக்கிறது. நாங்கள் இன்னும் விண்ணப்பமே கொடுக்கவில்லை. கைபேசியில் இருந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டினோம். தமிழில் இருக்கிறது, தங்களால் ஏற்க முடியாது என்றார்கள். தாலி கட்டும் படத்தைக் காட்டினோம். கையில் மருதாணிச் சிவப்பு மங்காமல், கழுத்தில் மஞ்சள் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் ஆடையில் ஒட்டிக்கொண்டிருக்க, கல்யாணமானவள்தான் என்று நிரூபிக்க முடியாமல், பத்துப் பேர் பார்க்க அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். அந்தப் பணிப்பெண் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குக் கொடுத்திருக்கும் விதி அது. எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. கட்டுரை எழுதியவர் அந்தக் கேக்கின் படத்தைப் போட இடம் கண்டவர், சான்றிதழ் என்ற ஒரு சொல்லுக்கு இடம் காணவில்லையே என்பதுதான் என் கோபம்.

இனி அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ‘எல்லாம்’ என்று சொன்னால் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தென்னை நிற்கும் அந்தத் தீவில், இளநீர் எங்கள் திட்டத்தில் அடங்காது. பெட்டியில் அடைத்து வரும் பழச்சாறு அடங்கும். வெட்டித் தரும் இளநீர் அடங்காது. விலை 9 டாலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. அவை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்: முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது, அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி. 9 டாலர் 9.90 ஆகி, 11.58 ஆயிற்று. நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த வரியும் 2025 ஜூலை முதல் தேதியில்தான் 16 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்தது. கட்டுரை வந்தது ஜூனில், அதாவது உயர்வுக்குச் சில நாட்கள் முன்பு.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ‘எல்லாம் அடங்கிய’ திட்டத்துக்கும், மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் அடங்கிய திட்டத்துக்கும் இடையில் இருக்கும் பெரிய வித்தியாசம் மதுவகைகள்தான். அந்த நாட்டுக்குள் வெளியிலிருந்து மது கொண்டுபோக முடியாது, ரிசார்ட் தீவுகளில் விற்கலாம். ஆகவே குடிப்பவர்களுக்கு அந்தத் திட்டம் லாபமாக இருக்கலாம். நானும் என் கணவரும் அதைத் தொடாதவர்கள். தொடாத ஒன்றுக்கு அப்பாவின் பணத்திலிருந்து விலை கொடுத்திருக்கிறோம். சாப்பாட்டுத் திட்டம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே அங்கே போய், பக்கத்து மேசையில் இருந்த குஜராத்தித் தம்பதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தங்கள் வாசகர்களில் எங்களைப் போன்ற குடும்பங்கள் எத்தனை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களுக்காக எழுதும் கட்டுரையில் முதலில் சொல்ல வேண்டியது அதுவல்லவா?

மூன்று நாளில் இரண்டு நாள் மழை. படகுப் பயணம் ரத்தாயிற்று. மழைக்கு யாரும் பொறுப்பல்ல. மே முதல் அக்டோபர்வரை அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம், கட்டணம் குறைவதும் அதனால்தான் என்று எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

குறை மட்டுமே சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் கடலின் நிறத்தை நான் மறக்கப்போவதில்லை. அங்கே சமையற்கட்டில் வேலை செய்யும் இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, இரண்டாம் நாள் இரவு தயிர்சாதம் பிசைந்து, கடுகு தாளித்து, ஒரு சிறிய கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாயும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ‘அக்கா, இது லிஸ்ட்ல இல்ல, சாப்பிடுங்க’ என்றார். சேவைக் கட்டணம் அவரைப் போன்ற பணியாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படுவது என்றும் அவர்தான் சொன்னார். அந்த 10 சதவீதத்தை நான் மனமாரக் கொடுத்தேன். முன்பே சொல்லியிருந்தால் இன்னும் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன்.

கிளம்பும் நாளில் பில் வந்தது: 187 டாலர். அதில் பசுமை வரி மட்டும் 72 டாலர். ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் வீதம் மூன்று இரவுக்கு. 2025 ஜனவரியில்தான் அது 6 டாலரிலிருந்து 12 டாலராக இரட்டிப்பானது. கையில் மிச்சமிருந்த டாலர் போதவில்லை. என் கணவரின் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்படவில்லை. நாம் கேட்டால்தான் அதைத் திறப்பார்கள் என்பது 2020 முதல் இருக்கும் நடைமுறை. பெட்டிகள் படகுத்துறைக்குப் போய்விட்டன, கடல் விமானம் காத்திருக்கிறது. அவர் வரவேற்பறையின் ஓரத்தில் நின்று, சுற்றிச் சுற்றி வரும் இணையத்தில் வங்கிச் செயலியைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இரண்டே வாரமான மனிதர், மாமனார் கொடுத்த பரிசுக்கு என் முன்னால் கடன்காரரைப் போல நின்றார். அவருடைய கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் பார்த்தேன். பர்ஸைத் தொட வேண்டாம் என்று எழுதியவர் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இது எங்கள் வீட்டில் முதல் முறையும் அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காவும் அத்தானும் இதே இணைப்பின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு வேறொரு கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய், ‘கடல் பார்த்த அறை’ என்று எழுதியிருந்த அறையின் சன்னலில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போதும் நான் தங்களுக்குக் கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. இந்த முறையும் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் டிராவல்ஸ் நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது; அந்த நிறுவனத்திடம்தான் அப்பா பணம் கட்டினார். கட்டுரையாளர் சொந்தப் பணத்தில் போனாரா, அழைப்பின்பேரில் போனாரா என்று எங்கும் இல்லை. யார் அழைத்தும் போகட்டும். அதைச் சொல்லிவிட்டு எழுதினால், அப்பாவைப் போன்றவர்கள் அதற்குத் தக்கபடி படித்துக்கொள்வார்கள்.

நான் கேட்பது ஆறே வரி. இனிமேல் இப்படிப்பட்ட சுற்றுலாக் கட்டுரைகளுக்குக் கீழே ஒரு சிறு பெட்டியில், பேக்கேஜில் அடங்காத வரிகளும் கட்டணங்களும் என்னென்ன, தீவுக்குப் போகும் கடைசி நேரம் எது, எந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அது எந்தப் பருவம், சாப்பாட்டுத் திட்டங்கள் எத்தனை வகை, பயணச் செலவு யாருடையது என்பவற்றை அச்சிடுங்கள். தை முகூர்த்தங்களுக்கு இப்போதே பலர் பணம் கட்டத் தொடங்கியிருப்பார்கள்; அதற்கு முன் இந்தக் கடிதம் வெளிவந்தால் நன்றி உடையவளாவேன்.

கட்டுரையின் நகலை இணைத்திருக்கிறேன். கத்தரித்த பக்கம் அப்பாவிடமே இருக்கிறது. அந்த 187 டாலரைப் பற்றி அவரிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை. ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தூத்துக்குடி