ஹவுஸ்மனைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மொழிபெயர்ப்பாளர்களே,

வணக்கம். ஆங்கிலக் கவிஞர் ஏ. இ. ஹவுஸ்மனின் ‘ஷ்ராப்ஷயர் லாட்’ (1896) தொகுப்பில் 63 பாடல்கள். சின்னச் சின்னச் சொற்கள், நேர்வாக்கியங்கள். எளிது என்று நம்பிக் கைவைப்பவர்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான்.

முதலில் முன்னுரை. அவரை ‘ஷ்ராப்ஷயர் மண்ணின் மைந்தர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஷ்ராப்ஷயர் இங்கிலாந்தின் ஒரு மாவட்டம்; 1859இல் அவர் பிறந்தது பக்கத்து மாவட்டமான வூஸ்டர்ஷயரில். ஷ்ராப்ஷயர் மலைகள் அவருக்கு மேற்குத் தொடுவானம் மட்டுமே. பாடல்களில் வரும் பிரீடன் குன்றும் வூஸ்டர்ஷயரில்தான் இருக்கிறது. 61ஆம் பாடலில் ஹியூலி தேவாலயத்துக்கு ஓங்கிய கோபுரம் உண்டு. நேரில் போனால் அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. அடிக்குறிப்பில் இதைச் சொல்லுங்கள், பாடலைத் திருத்தாதீர்கள்.

வாழ்க்கையைச் சுருக்கும்போது 1881ஐ விட்டுவிடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தோற்றார். 1882 முதல் பத்தாண்டு லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். அங்கே எழுதிய கட்டுரைகளின் பலத்தில்தான் 1892இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் லத்தீன் பேராசிரியரானார். விண்ணப்பத்திலேயே அந்தத் தோல்வியை அவர் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தார். 1911இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர். ரோமானியக் கவிஞர் மனிலியஸின் சோதிட காவியத்தை 1903 முதல் 1930 வரை ஐந்து பகுதிகளாகப் பதிப்பித்தார். சுவடி பழையது என்பதற்காக அதன் பாடத்தை அப்படியே ஏற்பவர் அல்லர். ஒவ்வொரு இடத்திலும் பாடபேதங்களை எடைபோட்டுத் தீர்மானிப்பவர். அந்தக் கண்ணோடுதான் அவர் கவிதைக்குள் நுழைய வேண்டும்.

இரண்டாம் பாடல், செர்ரி மரம். ஆயுள் எழுபது, இருபது போய்விட்டது, மீதி ஐம்பது. இந்தக் கணக்கை ‘வாழ்நாள் குறைவு’ என்று பொதுவாக்கினால் பாடலே போச்சு. பேசுபவனுக்கு இருபதே வயது என்பதில்தான் அதன் வலி இருக்கிறது. கடைசி அடியில் மரத்தில் தொங்கும் ‘பனி’ பூவா, உண்மைப் பனியா என்பதை ஹவுஸ்மன் திறந்தே வைத்தார். ‘பனி போன்ற பூக்கள்’ என்று பெயர்த்தால் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். ‘பனி’ என்றே விடுங்கள்.

தலைப்பில் உள்ள ‘லாட்’ (lad) என்ற சொல்லைப் ‘பையன்’ ஆக்குவதும் சரிவராது. இவர்கள் குடிக்கிறார்கள், படையில் சேர்கிறார்கள், தூக்கில் தொங்குகிறார்கள். ‘இளவட்டம்’ ஓரளவு நெருங்கும்.

யாப்புக்கு நாற்சீரடி பல பாடல்களுக்குப் பொருந்தும். இயைபுக்காக ஒவ்வோர் அடியையும் ‘-கிறான்’, ‘-கிறான்’ என்று முடிக்காதீர்கள். நான்காம் அடிக்குள் காது சலித்துவிடும். தமிழுக்கு அடிமுதல் எதுகை இருக்கிறது, அதை நம்பலாம்.

தொகுப்பின் கடைசிப் பாடலைப் பற்றி 1933 சொற்பொழிவில் அவரே சொன்னார்: இரண்டு பத்திகள் நடக்கையில் தாமாக வந்தன, மூன்றாவது சற்றுக் கெஞ்சலுக்குப் பின் வந்தது, இன்னொன்றைப் பதின்மூன்று முறை எழுதி, ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. தாமாக வந்த இரண்டும் எவை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நான்கு பத்திகளுக்கும் ஒரே அளவு உழைப்பைக் கொடுங்கள்.

அன்புடன்,
ஹவுஸ்மன் வாசகர்கள்