செயலாளர் ஆண்டறிக்கை: திடலுக்குப் போன நான்கு ஞாயிறுகள்

தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, இரத்த தான முகாம், தீபாவளித் திறந்த இல்ல விருந்து மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயலவை ஆறு முறை கூடியது.

கோலாலம்பூரின் சுதந்திரத் திடலான டத்தாரான் மெர்டேக்காவுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை வரலாற்று நடை ஏற்பாடு செய்தேன். சங்கப் பணத்தை அதற்கு ஏன் செலவிட வேண்டும் என்று செயலவையில் ஒருவர் கேட்டார். தண்ணீரும் நகல் எடுத்த தாள்களும்தான் செலவு. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

மலாயாவின் சுதந்திரப் பிரகடனம் எங்கே வாசிக்கப்பட்டது என்று முதல் நடையிலேயே கேட்டேன். வந்த ஒன்பது பேரும் இந்தத் திடலைத்தான் காட்டினார்கள். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் இங்கே விளக்குகள் அணைந்தன. மறுபடி எரிந்தபோது பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜேக் இறங்கி மலாயாக் கொடி ஏறியது. அது சரி. ஆனால் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பிரகடனத்தை வாசித்தது விடிந்த பிறகு, மெர்டேக்கா அரங்கத்தில். பிறந்த நாட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இதுகூடத் தெரியாமல் போகலாமா?

திடல் ஒரு காலத்தில் போலீசார் கவாத்து பழகிய இடம். அப்புறம் 1884-இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் மைதானம். எதிரே 1897-இல் திறந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அன்றைக்கு வெள்ளைக்காரரின் அரசாங்க அலுவலகம். இப்படி ஆட்சியாளர்களின் திடலாக இருந்ததில்தான் அவர்களுடைய கொடி இறங்கியது. டத்தாரான் மெர்டேக்கா என்ற பெயரே 1990-இல்தான் வந்தது.

மூன்றாம் நடையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தக் கட்டடத்தின் செங்கல்லும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வரும் வளைவின் கீழ் நின்று தூணைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த இரவில் அவருக்கு ஐந்து வயது, அப்பா தோளில் இருந்தாராம். விளக்கு அணைந்ததும் பயந்து அப்பாவின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம். கொடி ஏறியதைப் பார்க்கவேயில்லை. இதைக் கேட்க அன்று ஆறே பேர் இருந்தோம். கடைசி நடைக்கு நான்கு பேர், அதில் இருவர் என் குடும்பத்தார். நம் உறுப்பினர் எண்ணிக்கை 84. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய அழைப்பை எல்லாரும் படித்திருக்கிறார்கள், நீலக் குறி விழுந்திருக்கிறது. வர முடியாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். எனக்கு மனம் வருந்தியது உண்மை.

சந்தா ஆண்டுக்கு 30 ரிங்கிட். 37 பேர் இன்னும் கட்டவில்லை, சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கின்றன, சிறு இருப்பும் உண்டு. விவரத்தைப் பொருளாளர் சொல்வார்.

மண்டபம் தந்தவர்களுக்கும், சமையலில் உதவிய சகோதரிகளுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நடையை லெபோ அம்பாங் வரை நீட்டலாம். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு, திடலிலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடும் போட ஆசை. பாக்கிச் சந்தா வந்தாலே அச்சுச் செலவுக்குப் போதும், தனியாக நன்கொடை கேட்க மாட்டேன். நானே செயலாளராக நீடிக்க வேண்டும் என்பதில்லை. குறிப்புகளும் வரைபடமும் ஒரு கோப்பில் என் வீட்டில் இருக்கின்றன. யார் பொறுப்பேற்றாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்